மாங்குயில் கூடு, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும்

எஸ்டேட் அலுவலகத்தின் விபத்துப் பதிவேட்டில் என் அப்பாவைப் பற்றி நான்கு வரிகள் இருக்கின்றன. தேதி 11.06.2024. பெயர் அம்மாசி, வயது ஐம்பத்தொன்று. வேலை, நிழல் மரங்களில் கிளை கழித்தல். நான்காவது வரி இது: இடுப்புக் கயிற்றை அவிழ்த்த நிலையில் சுமார் முப்பது அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார், கவனக்குறைவு.

அந்தக் கடைசிச் சொல்லை எடுக்க வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் அக்டோபரில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து வந்தேன். மனு ஒன்று எழுதி வைத்திருந்தேன். ரைட்டர் ஜேசுதாஸ் அதை இரண்டு முறை படித்தார். எஸ்டேட்டில் வருகைப் பதிவு, வேலைக் கணக்கு எல்லாம் அவர் கையில்தான்.

"கயிறு அவுந்துதானம்மா இருந்துச்சு. அத எழுதாம எப்படி?"

"முப்பத்தொரு வருசம் மரம் ஏறுனவருங்க. ஒரு நாள்கூட கயிறு இல்லாம ஏறுனது இல்ல. அவராவே அவுக்க மாட்டாருங்க."

"அப்ப யாரு அவுத்தா, கொரங்கா?" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா எடுத்துக்காத மேகலா. ஏன் அவுத்தாருன்னு தெரிஞ்சா நான் கீழ ஒரு வரி சேத்து எழுதறேன். தங்கராஜ்தான் அன்னைக்குக் கீழ நின்னவன். அவன் எங்ககிட்ட வாயே தொறக்கல. உன்கிட்டயாவது சொல்றானா பாரு."

மனுவை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அப்பா ஏற்காடு மலையில், நாகலூருக்கு மேலே இதே எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து காப்பி பறிக்க மலையேறிய குடும்பம். அமாவாசையன்று பிறந்ததால் அம்மாசி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபது வயதில் மரம் ஏற ஆரம்பித்தார்.

காப்பிச் செடிக்கு முழு வெயிலும் ஆகாது, முழு நிழலும் ஆகாது. அதனால் தோட்டம் முழுக்க சில்வர் ஓக், பலா, சந்தன வேம்பு என்று உயரமான மரங்கள் நிற்கும். மழைக்கு முன்னும் மழை தொடங்கும்போதும் அவற்றின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட வேண்டும். மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே இருப்பவர் இடுப்பில் கொடுவாள் செருகி, பன்னிரண்டு அடிக் கயிற்றின் ஒரு முனையை இடுப்பிலும் மறு முனையைத் தாய்மரத்திலும் கட்டிக்கொள்வார். வெட்டிய கிளை கீழே செடியை முறிக்காமல் விழ வேண்டும். அது எளிதான வேலை இல்லை. எந்தப் பக்கம் எவ்வளவு வெட்டினால் கிளை எங்கே சாயும் என்று அப்பாவுக்குத் தெரியும். நான் மெக்கானிக்கல் டிப்ளமோவில் கற்றதை அவர் கையால் அறிந்திருந்தார்.

கூடு இருக்கும் கிளையை மட்டும் அவர் வெட்ட மாட்டார். சுற்றிலும் வெளிச்சம் விழுந்திருக்கும் இடத்தில் ஒரு குடை அளவு நிழல் தனியாகக் கிடக்கும். ஜேசுதாஸ் நின்று மேலே பார்ப்பார்.

"ஏனுங்க அம்மாசி, அந்தக் கிளை உங்க மாமனார் ஊட்டுதுங்களா? அப்படியே விட்டு வெச்சிருக்கீங்க."

"ஆளுக குடியிருக்கறாங்க சார். காலி பண்ணட்டும், கழிச்சுடறேன்."

"வாடக வாங்கறீங்களா?"

"முட்ட ஓடு போடறாங்க சார்."

குஞ்சு பறந்த மறுநாள் அவரே போய் ஏறிக் கழித்துவிடுவார். யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

அவர் வரைவது எங்கள் வீட்டில் பெரிய விஷயமாக இருந்ததில்லை. காலையில் தினசரிக் காலண்டரின் முந்தைய நாள் தாளைக் கிழிக்காமல், அன்றைய தாளையே கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். அதனால் எங்கள் வீட்டுக் காலண்டர் எப்போதும் நாளைய தேதியைக் காட்டும். தேதி பார்க்க வரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் திட்டுவார்கள். மேலே வேலை முடிந்ததும், இறங்குவதற்கு முன் பத்து நிமிடம், தாளின் பின்புறத்தில் தச்சர் பென்சிலால் வரைவார். ஒரு வருடம் நாகலூர் கடையில் கொடுத்த காலண்டரில் தாளின் பின்பக்கமும் அச்சடித்திருந்தார்கள், வாய்வுத் தொல்லைக்கு வைத்தியம், குழந்தைக்குப் பெயர்கள் என்று. அப்பா அதைத் தங்கராஜ் மாமாவிடம் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக் காலண்டரை வாங்கி வந்தார்.

வரைந்த தாள்களை பிஸ்கட் டின்களில் போட்டு வைத்தார். யாரிடமும் காட்டியதில்லை. கேட்டால் மறைத்ததும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் மேலிருந்து பார்த்த படங்கள். கிளையில் வயிறு பரப்பிப் படுத்திருக்கும் மலை அணில், முதுகும் வாலும் மட்டும். காப்பிச் செடிகளுக்கு நடுவே நடக்கும் காட்டெருமைகள், ஓடம் போல நீண்ட கறுப்பு உடம்புகள், முன்னால் இரண்டு கொம்புகள், கால்களே கிடையாது. பச்சைப் பாம்பு. அடை காக்கும் கரிச்சானின் பிளந்த வால். வாயைத் திறந்த நான்கு குஞ்சுகள், நான்கு சிறிய சதுரங்களாக. அம்மாவும் ஒரு தாளில் இருக்கிறார். ஒரு வட்டம், அதில் ஒரு கொண்டை, பழம் பறிக்கும் இரண்டு கைகள், பக்கத்தில் கூடை.

போன பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் அலுவலக வேலை செய்துகொண்டிருந்தேன். பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் பாகங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. அப்பா பின்னால் வந்து நின்றார்.

"ஒரே சாமானத்த ஏன் கண்ணு மூணு தடவ போட்டிருக்க?"

டீ டம்ளரை எடுத்துக் காட்டினேன். "மேல இருந்து பாத்தா இது வெறும் வட்டம்ப்பா. டம்ளரா தட்டான்னு தெரியாது. பக்கத்துல இருந்து பாத்தாத்தான் தெரியும். அதுக்குப் பேரு பக்கப் பார்வை."

அப்பா டம்ளரை வாங்கி மேலிருந்து பார்த்தார், கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு டின்னைக் கொண்டுவந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"அப்ப இது என்ன சொல்லு?"

"தட்டு."

"தட்டு இல்ல சாமி. கரிச்சான் கூடு."

"எனக்கு எப்படித் தெரியும்? பக்கப் பார்வை இல்லாம ஒரு டிராயிங் என் டேபிளுக்கு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்ப்பா." நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பன்னண்டு வருசமா பாதிப் படந்தான் போட்டிருக்கனா?"

"மீதிப் பாதிய உங்க மக போட்டுக்குவா, சோறு ஆறுது வாங்க," என்றார் அம்மா உள்ளேயிருந்து.

திரையில் ஒரு அளவு தப்பாக இருந்தது. அதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஜேசுதாஸைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் டின்களை இறக்கினேன். பதினொரு டின். முன்புறத்தில் தேதி அச்சாகியிருந்ததால் வரிசைப்படுத்துவது சுலபம். மொத்தம் 2,140 தாள்கள். அம்மா அன்று காலை வேலைக்குப் போகவில்லை. கதவருகே உட்கார்ந்து நான் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பனிமூட்டம். மதியம் வரைக்கும் விளக்கு போட வேண்டியிருந்தது.

2024 ஜனவரி 18 வரை எல்லாத் தாள்களும் ஒரே மாதிரி. அதற்குப் பிறகு தாளின் நடுவே குறுக்காக ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மேலிருந்து பார்த்தது, கீழே பக்கத்திலிருந்து பார்த்தது.

முதல் சில வாரங்கள் பக்கப் பார்வை வரவில்லை. பச்சைப் பாம்பை இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி போட்டிருந்தார். பிப்ரவரியில் மிளகு பறிப்பு. ஒற்றை மூங்கில் ஏணியில் நிற்கும்போது எந்த உயரத்திலும் நிற்கலாம். அந்த மாதத் தாள்களில் கை பழகியிருக்கிறது. மார்ச்சில் காட்டெருமைக்குக் கால்கள் வந்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே வெள்ளை, சரியாக. காப்பிச் செடியில் கட்டிய கொண்டைக்குருவிக் கூடு ஒன்றை ஏப்ரலில் வரைந்திருக்கிறார். அது தரையில் நின்றே பார்க்கக்கூடிய உயரம். அதில் கூட்டுக்குள் செருகியிருந்த பழைய பிளாஸ்டிக் நாடாகூடத் தெரிகிறது.

ஜூன் 5 முதல் 10 வரை, ஞாயிற்றுக்கிழமை தவிர, ஐந்து தாள்கள். ஐந்திலும் மேல் பாதியில் ஒரே கூடு. கவட்டைக் கிளைக்கு நடுவே ஒரு வட்டம், உள்ளே பறவையின் முதுகு. தலை மட்டும் கறுப்பாகத் தேய்த்திருந்தது, மாங்குயில். கோட்டுக்குக் கீழே ஐந்து தாளிலும் ஒன்றுமில்லை. கூட்டின் அகலத்துக்கு மேலிருந்து இரண்டு மெல்லிய கோடுகளை மட்டும் நேராகக் கீழே இறக்கி விட்டிருந்தார்.

ஜூன் 11 தாள் இல்லை.

"அந்தத் தாள் எங்கம்மா?"

"எனக்கென்ன தெரியும்," என்றார் அம்மா. எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்.

அந்த ஐந்து தாள்களையும் எடுத்துக்கொண்டு தங்கராஜ் மாமாவிடம் போனேன். அவர் களத்தில் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். அப்பாவோடு பதினெட்டு வருடம் கீழே நின்றவர். தாள்களை வாங்கவில்லை, எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, அந்தக் குருவி," என்றார்.

"மரத்தக் காட்டுங்க மாமா."

"எதுக்கு கண்ணு. போயிட்டாரு. விடு."

"ரெஜிஸ்டர்ல கவனக்குறைவுன்னு எழுதி வெச்சிருக்காங்க."

அவர் தார்ப்பாயை இன்னும் ஒரு மடி மடித்தார். பிறகு முன்னால் நடந்தார்.

சந்தன வேம்பு. அடிமரத்துக்குப் பக்கத்தில், அவர் விழுந்ததில் முறிந்த இரண்டு காப்பிச் செடிகளைப் பிடுங்கிய இடம் தெரிந்தது. கீழே கனத்த ஒரு கிளையை விட்டு, மேலே எல்லாக் கிளைகளும் கழிக்கப்பட்டிருந்தன. ஒரு கிளையின் வெட்டு முகம் மட்டும் மற்றவற்றைவிடப் புதிதாக இருந்தது.

"அதுலதான் கூடு இருந்துச்சுங்களா?"

"ஆமா. அடுத்த வாரமே வேற ஆளு விட்டுக் கழிச்சுட்டாங்க. குஞ்சு இருந்துச்சா இல்லியான்னு நான் பாக்கல. அந்தப் பக்கம் வரவே இல்ல நானு." பிறகு சொன்னார்: "இந்த மரத்து வேல புதன்கெழமையே முடிஞ்சுருச்சு கண்ணு. இந்த ஒரு கிளைதான் பாக்கி. ஆனா தெனமும் டீ நேரத்துல ஏறுனாரு. என்னங்க மச்சான், குயிலப் பொண்ணு பாக்கப் போறீங்களான்னு கேட்டேன். மேல இருந்து பாத்தா கிண்ணமாட்டம் இருக்குதுடா, ஆனா அது கிண்ணமில்ல, தூளிடா, தொங்குதுன்னாரு. அதப் பக்கத்துல இருந்து பாக்கோணும்னாரு. கீழ இருந்து பாத்தா எல தான் தெரியுது."

"கயிறு?"

"எட்டல. கீழக் கிளையில நகந்து போனாத்தான் கூடு கண்ணுக்கு நேரா வரும். அங்க வரைக்கும் கயிறு வராது. அவுத்து அந்தக் கிளையில மறுபடி கட்டிருக்கலாம். கட்டுனா கிளை குலுங்கும், குருவி எந்திரிச்சுப் போயிரும்னாரு. ரெண்டே நிமிசம்டான்னாரு."

"நீங்க ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொல்லல," என்றார். "நல்லாத்தான் போயி உக்காந்தாரு. வரைஞ்சாரு. நான் பீடி பத்த வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்புனேன். தூறல்ல பாசி வழுக்கிருக்கும். சத்தந்தான் கேட்டுச்சு." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "இத எப்படி நான் ரைட்டருகிட்டச் சொல்றது? வேல முடிஞ்ச மரத்துல, படம் போட ஏறுனாருன்னா?"

தூரம் அளக்கும் லேசர் கருவி பையில் இருந்தது. கயிறு கட்டியிருந்த கவட்டையை மாமா காட்டினார். அங்கிருந்து கீழ்க் கிளையில் அவர் உட்கார்ந்த இடம்வரை கணக்கிட்டேன். 4.8 மீட்டர். பன்னிரண்டு அடிக் கயிறு என்பது 3.66 மீட்டர். முடிச்சுகளுக்குப் போவதைக் கழித்தால் இன்னும் குறைவு. இரண்டு முறை அளந்தேன். அதே எண்தான் வந்தது.

மாமா என்னைக் கேட்டார்: "திடீர்னு அவருக்கு ஏன் கண்ணு பக்கத்துல இருந்து பாக்கோணும்னு வந்துச்சு? பன்னண்டு வருசமா மேல இருந்துதான போட்டாரு."

"நான் சொன்னேங்க மாமா," என்றேன்.

களம்வரை இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நடந்து வந்தோம்.

வீட்டில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தார். அவராகவே எழுந்து, தன் துணிப் பெட்டியின் அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார்.

"சேலத்து ஆஸ்பத்திரியில சட்டைய வெட்டித்தான் எடுத்தாங்க. பையில இருந்துச்சுன்னு நர்ஸம்மா குடுத்தா."

"ஏம்மா எங்கிட்டக் காட்டல?"

"நீதான பக்கத்துல இருந்து போடச் சொன்ன. பாத்தா உனக்கு ஆகாதுன்னு வெச்சுட்டேன்."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"காலைல பென்சில் சீவிக் குடுத்ததே நாந்தான் சாமி. இன்னைக்கு முடிச்சுருவேன்னாரு. வெளிய தூறிட்டு இருந்துச்சு. அதையும் பாத்தேன். போகாதீங்கன்னு சொல்லத் தோணல. நொம்ப நாளைக்கப்புறம் வேலைக்குப் போறதுக்கு அவசரப்பட்டாரு. நல்லா இருக்குதேன்னு பாத்துட்டு நின்னேன்."

தாளில் மழைத் தண்ணீர் பட்ட கறை இருந்தது. ஓரத்தில் வேறொரு கறையும். படம் கெடவில்லை. மேல் பாதியில் அதே வட்டம். கீழ் பாதியில் கூடு கவட்டைக் கிளையிலிருந்து தொங்கியது. நாரும் பட்டையும் கிளையில் சுற்றியிருந்த விதம் ஒவ்வொரு சுற்றாகத் தெரிந்தது. விளிம்புக்கு மேலே கறுப்புத் தலை, அலகு, ஒரு கண். பறவை வரைகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து போகவில்லை.

அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மேல் பார்வையில் கூட்டின் அகலம் 31 மில்லிமீட்டர். பக்கப் பார்வையிலும் 31. இரண்டும் ஒரே நேர்கோட்டில் நின்றன. அப்படிக் கோடு இறக்கி அளவைப் பொருத்த வேண்டும் என்று நான் சொல்லித் தந்ததில்லை. பொங்கலின்போது என் திரையைப் பார்த்திருக்கிறார்.

"சரியாப் போட்டிருக்காரா?" என்று அம்மா கேட்டார்.

"சரியாத்தாம்மா இருக்குது."

"நீ வந்தா கேக்கோணும்னு சொல்லிட்டு இருந்தாரு," என்றார். முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் புடைக்கவில்லை.

மறுநாள் காலை ஜேசுதாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளையும் காட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"பதினெட்டு வருசம் நான் இந்த மனுசன அதட்டியிருக்கேன்," என்றார். பிறகு, "மேகலா, இத எழுதினா இப்ப இருக்கறதவிட மோசமாத் தெரியும்மா. வேல முடிஞ்ச மரம். வேலைக்குச் சம்மந்தமில்லாத காரியம். படிக்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும்."

"தெரியுங்க."

"எழுதட்டுமா?"

"வேண்டாங்க."

"அந்தச் சொல்லு?"

"இருக்கட்டுங்க."

அவர் மேஜையிலிருந்த மனுவை என் பக்கம் தள்ளினார். அதைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறொரு மனு எழுதினேன். கிளை கழிக்க ஏறுகிறவர்களுக்குக் கொடுக்கும் கயிறு பன்னிரண்டு அடியாக இருக்கிறது, இருபது அடியாக மாற்ற வேண்டும். இரண்டாவது கயிறு ஒன்றும் கொடுக்க வேண்டும், ஒன்றை அவிழ்ப்பதற்கு முன் மற்றதைக் கட்டிக்கொள்ளும்படி. அளவுகளைக் குறித்து, மரத்தையும் கிளையையும் கயிற்றையும் ஒரு படமாகப் போட்டேன். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று.

ஜேசுதாஸ் வாங்கிப் படித்தார். "மேனேஜர் மாசக் கடைசியில வருவாரு. குடுக்கறேன். என்ன சொல்லுவாருன்னு தெரியாதும்மா."

"பரவால்லீங்க. ஜூனுக்குள்ள சொல்லுங்க," என்றேன்.

வெளியே மூட்டம் இறங்கியிருந்தது. ஏற்காட்டுக்குப் போகும் பஸ் எங்கே வருகிறது என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது.